முதல் பேரேடு

தொடக்கத்தில் ஓர் அடிக்கோல் இருந்தது.
தலைநகரில், மழை பிடித்துக்கொண்ட ஒரு செவ்வாயன்று,
இந்தப் பக்கம் எட்டியும் பார்த்திராத ஒருவர்
வரைபடத்தின் வெற்றிடத்தில் நாலு கோடு இழுத்து
நடுவில் கெல்லம் என்று எழுதினார்.
கெல்லம் யாரென்று தெரியவில்லை.
மாமனாராக இருக்கலாம்.

பிறகு சங்கிலி வந்தது.
அறுபத்தாறு அடி, நூறு கண்ணி.
ஆன்செல் தோர்ப் இழுத்து நடந்தான்,
புல் அவன் தொப்பி வரை நின்றது.
உப்பில்லாத நெய்தல்.
அலை உண்டு, கரை இல்லை.
எல்லை குறிக்க ஒரு மரம் இல்லை, கல் இல்லை.
மூலைக்கு மூலை
காட்டெருமை மண்டையோட்டைக் கவிழ்த்து வைத்து
எண் எழுதிக்கொண்டே போனான்.
அந்த வருடம் மண்டையோட்டுக்குப் பஞ்சமில்லை.

கவுண்டி ஆக வேண்டுமானால்
இருநூறு தலை வேண்டும் என்றது சட்டம்.
எண்ணினார்கள்: நூற்று நாற்பத்தொன்று.
புல்கட்டி வீடுகளுக்குள் குனிந்து போய்
மறுபடி எண்ணினார்கள்.
கூரையிலிருந்து ஒரு பாம்பு விழுந்தது,
ஆள் கூடவில்லை.
ஓரிரவு தங்கிப் போன விதை வியாபாரியைச் சேர்த்தார்கள்,
அவன் சொன்ன தம்பிமார் ஒன்பது பேரையும்.
குன்ஹில்ட் ஆஸ் பனியில் புதைத்த இரண்டு பிள்ளைகளை
அவளைக் கேட்காமல் சேர்த்தார்கள்.
இப்படியே போய், கடைசித் தலை
ஹ்ருபியின் கோவேறு கழுதை.
பெயர் எஸ்ரா பிம். வயது முப்பத்திரண்டு.
தொழில் விவசாயம்.
தொழிலை மட்டும் பொய்யென்று சொல்ல முடியாது.

ஆவண அறையில் எனக்கு மேசை ஜன்னலோரம்.
காப்பிக் கோப்பையை எட்டத் தள்ளி வைத்துவிட்டுத்தான்
இதைத் திறக்க வேண்டும்.
முதல் பக்கம்:
ஓநாய்த் தோல் மூன்று, தலைக்கு ஒரு டாலர்.
மை ஒரு குப்பி.
பெயர் தெரியாத ஆளுக்குச் சவப்பெட்டி, பைன் பலகை.
எழுதியவர் லெமுவெல் ஸ்ப்ராக், எழுத்தர்.
ஒவ்வொரு பெரிய எழுத்துக்கும்
வால் சுழற்றியிருக்கிறார். நேரம் இருந்திருக்கிறது.

நீதிமன்றம் ஒன்று, கேட்ட ஊர் இரண்டு.
வாக்கெடுப்பில் நியூ ஹெபர் ஜெயித்தது.
பிப்ரவரியில் ஓர் இரவு
பாரிஷ் கிராசிங் ஆட்கள் பதினொரு பேர்
பின்கதவைப் பெயர்த்து
பேரேட்டை உருளைக்கிழங்குக்கு அடியில் புதைத்து
வண்டியேற்றினார்கள்.
விடிந்தபோது கவுண்டி இடம் மாறியிருந்தது.
ஏடு இருக்கும் இடம்தானே தலைமையிடம்?
நியூ ஹெபர் இப்போது சோளக்கொல்லை.
பக்கம் நாற்பதில் இன்னும் கிழங்கு மண்.
அந்த வாக்காளர் பட்டியலில்
எஸ்ரா பிம் இரண்டு ஊருக்கும் வாக்களித்திருக்கிறார்.

வெட்டுக்கிளி வந்த கோடை பற்றி ஒரு வரியும் இல்லை.
வரி பாக்கிப் பட்டியல் மட்டும் ஆறு பக்கம் நீள்கிறது.
பிம் பெயர் ஏழு வருடம் தொடர்ந்து வருகிறது,
பிறகு, "ஊரை விட்டுப் போனார்."

எண்ணிக்கை நடந்த அதே இலையுதிர் காலத்தில்
ஆற்று வளைவில் நாற்பது மண்வீடு இருந்தது.
பானி மக்கள். புகை தெரியும் தூரம்.
குழியில் சோளம் சேமித்திருந்தார்கள்,
அதில் கொஞ்சம் வாங்கித்தான்
நூற்று நாற்பத்தொருவரும் குளிர்காலம் தாண்டினார்கள்.
கழுதை வரை போன விரல்
அந்தப் பக்கம் நீளவில்லை.
அடுத்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு
தெற்கே அனுப்பப்பட்டார்கள்.

ஸ்ப்ராக் ஓரத்தில் ஒன்று குறித்திருக்கிறார்,
பென்சிலில், சுழி இல்லாமல்:
சோளம் கொண்டுவந்தவனிடம் ஓடையின் பெயர் கேட்டேன்.
சொன்னான். இரண்டு முறை சொன்னான்.
அதை எழுத என்னிடம் எழுத்தில்லை.
மூன்றாம் ஓடை என்று போட்டுக்கொண்டேன்.

வேலை முடிந்து அந்தப் பாலத்தின் மேல்தான் வீடு போகிறேன்.
பச்சைப் பலகை, வெள்ளை எழுத்து: மூன்றாம் ஓடை.
கவுண்டி முழுக்கத் தேடிவிட்டேன்,
முதல் ஓடை இல்லை,
இரண்டாவதும் இல்லை.